ஜெபகுமாரின் இடது பக்கம்

திருக்கழுக்குன்றம்
9.9.1998

அன்புள்ள அக்காவுக்கு ராமானுஜத்தின் நமஸ்காரம். இங்கே நானும் அம்முவும் சௌக்கியம். என் தொப்பை எங்கள் இருவரையும்விட சௌக்கியம். நாக்பூரில் நீயும் அத்திம்பேரும் எப்படி? உன் முழங்கால் எப்படி?

என்னைக் கல்லூரி விடுதிக்குத் துணை வார்டன் ஆக்கியதை எழுதியிருந்தேன் அல்லவா. வேதியியல் சொல்லித்தர லாயக்கில்லாதவனுக்குச் சாம்பாரை ருசிபார்க்கும் உத்தியோகம் என்கிறாள் அம்மு. நானும் சந்தோஷமாக ருசிபார்த்துக்கொண்டுதான் இருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரை.

அக்கா, இதை உட்கார்ந்து படி. அன்று மத்தியானம் விடுதி மொட்டைமாடியில் யாரோ ஒரு சீனியர், முதலாம் ஆண்டுப் பையனை அறைந்துவிட்டான். ஒரே அறை, இடது காதிலிருந்து ரத்தம். பையன் பெயர் ஜெபகுமார், ஊர் கோவளம். அப்பா கடலில் போனவர் திரும்பவில்லை, அம்மா மீன் விற்கிறார். செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்டினோம். சவ்வு ஒட்டிக்கொள்ளும், உள்ளே போனது போனதுதான், அந்தக் காது இனி கேட்காது என்றார். மாடியில் ஒரு பிள்ளையின் காது போகும்போது கீழே நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன் அக்கா. இன்னும் சுண்டலைப் பார்க்க முடியவில்லை.

அடித்தது யார் என்று ஜெபகுமார் வாய் திறக்கவில்லை. மாடியில் இருந்தவர்களும் திறக்கவில்லை. போன வருஷம் ராகிங் சட்டம் வந்ததிலிருந்து பிரின்சிபாலுக்குத் தூக்கம் இல்லை. ஆள் கிடைத்தால் போலீஸ், அல்லது ஓசைப்படாமல் டி.சி. என்கிறார். எங்கள் மாணவர் ஆலோசகர் ஷபானா, வெளிநாட்டில் ஒரு வருஷம் படித்து வந்தவர், மூன்றாவதாக ஒரு வழி சொல்கிறார். அடித்தவன், பட்டவன், இருவரின் வீட்டார் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டுமாம். என்ன நடந்தது, யாருக்கு என்ன போச்சு, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று பேச வேண்டுமாம். காது போனவனுக்கு வட்டம் போட்டால் காது வருமா என்று நான் கேட்டேன். டி.சி. கொடுத்தால் வருமா சார் என்று திருப்பிக் கேட்டார்.

உன் பிள்ளை ஜெயந்த் நன்றாக இருக்கிறான். மூன்றாம் வருஷம் வந்ததும் மீசை கொஞ்சம் தைரியமாகியிருக்கிறது.

உன் தம்பி,
ராமானுஜம்


நாக்பூர்
17.9.1998

சிரஞ்சீவி ராமானுஜத்துக்கு அநேக ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. எல்லோரும் சௌக்கியம். முழங்கால் பரவாயில்லை. அம்மு கொடுத்தனுப்பிய நாரத்தங்காய் தீர்ந்துவிட்டது என்று சொல்லு, புரிந்துகொள்வாள்.

விடுதி விஷயம் படித்தேன். ஜெயந்த் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். சின்னவனாக இருந்ததிலிருந்தே வீட்டில் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளை. நீ அவனை எதுவும் கேட்காதே. கேட்டாலும் குரலை உயர்த்திக் கேட்காதே.

வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம். இனி என் பள்ளி விலாசத்துக்கே எழுது. எங்கள் தெருவுக்கு வருகிற தபால்காரர் புதுசு, கடிதங்கள் தொலைந்துபோகின்றன.

ஆசிகளுடன்,
பெருந்தேவி


திருக்கழுக்குன்றம்
30.9.1998

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடித்தது ஜெயந்த்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவனே ஷபானாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்து, 'அந்தப் பயலைச் சும்மா விடக்கூடாது மேடம்' என்று நான் மேஜையைத் தட்டினேன். அவர் மறுபடி ஒருமுறை பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கொடுத்த டீயை நான் குடித்தேனா, சட்டையில் ஊற்றிக்கொண்டேனா என்று சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தவனை அம்மு முன்னால் உட்கார வைத்தேன். உன் பேச்சுப்படி குரலை உயர்த்தவில்லை. பெயரை உரக்கச் சொல்லச் சொன்னானாம், ஜெபகுமார் சொல்லும்போது சிரித்தானாம். 'சிரிச்சான் மாமா, எனக்கு என்னமோ ஆயிடுத்து' என்றான். அவ்வளவுதான் காரணம். அம்மு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். செய்தவன் ஒத்துக்கொண்டால்தான் ஷபானாவின் வட்டம். இல்லாவிட்டால் கிடையாது. ஜெயந்த் ஒத்துக்கொண்டான். ஜெபகுமாரும் அவன் அம்மா ஞானம்மாளும் யோசித்துச் சரி என்றார்கள். சரியாக முடிந்தால் அவன் இங்கேயே படிப்பை முடிக்கலாம், இல்லையென்றால் டி.சி. என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். ஆனால் ஞானம்மாள் ஒன்று சொல்கிறார். அவர்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும் பிள்ளையைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம். நீங்கள் இருவரும் வர வேண்டும். அத்திம்பேருக்கு லீவு கிடைக்கும் தேதியை எழுது.

ராமானுஜம்


நாக்பூர்
6.10.1998

சிரஞ்சீவி ராமானுஜத்துக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம்.

நாங்கள் வர முடியாது. அத்திம்பேருக்கு இது தெரியவே கூடாது. பெற்றவர்கள் ஸ்தானத்தில் நீ உட்கார். அந்த அம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொள். முடியாது என்றால் டி.சி. வாங்கிவிடு, ஆனால் அவனை நாக்பூருக்கு அனுப்பாதே. அங்கேயே எங்காவது சேர்த்துவிடு. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

பெருந்தேவி


திருக்கழுக்குன்றம்
26.10.1998

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். இவ்விடம் சௌக்கியம். நீ அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று இரண்டு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்கிற மனநிலை இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வட்டம் சனிக்கிழமை நடந்தது. கல்லூரியில் வேண்டாம், மகாபலிபுரம் போகிற வழியில் தெரிந்த ஒருவர் வீட்டுக் கூடத்தில் என்றார் ஷபானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். என் நாற்காலி மட்டும் உட்கார்ந்தபோது ஒரு மாதிரி முனகியது. ஷபானா கையில் சின்னக் கல் யானை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். ஆத்திரத்தில் இருக்கிறவர்கள் கையில் கல்லைக் கொடுக்கிறாரே என்று எனக்குப் பயம். குறி தப்பினாலும் படுகிற அகலத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

யானை முதலில் ஜெயந்திடம் போனது. தலையைக் குனிந்தபடி, ஒன்றும் மறைக்காமல் சொன்னான். அடுத்தது ஜெபகுமார். அக்கா, இவ்வளவு நாளாக 'காது போச்சு' என்று நாம் சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கணக்கு வகுப்பில் பாதி வார்த்தை விழுவதில்லையாம். ரோட்டில் பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிவதில்லையாம். நண்பர்கள் கூப்பிட்டால் வேறு திசையில் திரும்புகிறானாம், அதைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். அம்மாவிடம் பட்டாசு வெடித்ததில் ஆனது என்று பொய் சொல்லி வைத்திருந்தானாம்.

ஞானம்மாள் யானையை வாங்கவே இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

'பெத்தவங்க வர்லியா?'

தூரம், லீவு இல்லை, நான் தாய்மாமன் என்று இழுத்தேன்.

'மாமன் வந்தா போதுமா? அப்ப எம்புள்ளைக்கு ஒரு மாமன அனுப்பிட்டு நானும் வூட்ல குந்திகினு இருந்திருப்பனே' என்றார். நியாயம்தான். என் நாற்காலி மறுபடி முனகியது.

பிறகு எழுந்துவிட்டார். ஷபானா உட்காரச் சொன்னது காதில் ஏறவில்லை. 'பேச்சு இன்னா பேச்சு. அதே காதுல ஒண்ணு வுடறேன், அப்பத்தான் எனக்கு ஆறும்' என்று ஜெயந்த் முன்னால் போய்க் கையை ஓங்கிவிட்டார்.

அக்கா, அடுத்து நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உன் பிள்ளை பயப்படவில்லை. தடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். அதன் காம்புகளை மடக்கினான். சட்டைப்பையில் வைத்தான். பிறகு முகத்தை லேசாகத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். பூஜைக்கு முன்னால் கை அலம்புகிற மாதிரி, யோசிக்காமல், வரிசை தப்பாமல் செய்தான்.

ஞானம்மாள் கையை இறக்கிவிட்டார். 'இன்னா மேடம், இது ரொம்ப அடி வாங்கிப் பழகின புள்ளையா கீதே' என்றார் ஷபானாவிடம். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜெபகுமார்தான் மறுபடி யானையை எடுத்தான். 'அவரு எங்க வாங்கினாரோ, எனக்கு இன்னா? என் காது போச்சு. அடிக்கவும் வேணாம், கால்ல வுழவும் வேணாம். காலைல மொதல் ஹவர் கணக்கு. அந்த சாரு முணுமுணுன்னு பேசுவாரு. என் இடது பக்கம் வந்து குந்தட்டும். எனக்கு வுழாதத எழுதிக் காட்டட்டும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்.'

மூன்றாம் வருஷ சீனியர் முதலாம் வருஷ வகுப்பில் போய் உட்காருவதா என்று எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. ஜெயந்த் உடனே சரி என்றான்.

அவன் அந்தக் கண்ணாடியைக் கழற்றியது எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

ராமானுஜம்


திருக்கழுக்குன்றம்
18.11.1998

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். சௌக்கியமா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தீபாவளிக்கும் எழுதவில்லை. நீ தீபாவளிக்கு எழுதாத வருஷம் எனக்கு நினைவில் இல்லை.

இங்கே செய்தி ஏராளம். ஜெயந்த் தினமும் காலையில் முதலாம் ஆண்டு வகுப்பில், ஜெபகுமாரின் இடது பக்கம். முதல் நாள் கணக்கு வாத்தியார் அவனை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆள் என்று நினைத்துச் சத்தமாகப் பாடம் நடத்தினாராம். மறுநாளே உண்மை தெரிந்து பழைய முணுமுணுப்பு. மூன்றாம் வருஷத்துப் பையன்கள் இவனை 'எல்.கே.ஜி.' என்று கூப்பிடுகிறார்கள். இவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இரண்டும் நண்பர்களாகிவிட்டன என்று எழுதத்தான் ஆசை. ஜெபகுமாரிடமே கேட்டேன். 'மன்னிச்சேன்னு நான் சொல்லல சார். குந்தச் சொன்னேன், அவ்ளோதான்' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டான். எழுதிக் காட்டுவதைத் தவிர இருவரும் பேசுவதில்லை.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன ஞாயிறு ஜெயந்த் வீட்டுக்கு வந்தபோது தோசை போட்டுக்கொண்டே அம்மு சாதாரணமாகக் கேட்டாள், அன்றைக்கு ஏண்டா கண்ணாடியைக் கழற்றினாய் என்று. அவனும் சாதாரணமாகவே சொன்னான். 'ஒடஞ்சா புதுசு வாங்க அம்மாதான் அப்பாகிட்ட கேக்கணும் மாமி. கேட்டா அம்மாவுக்கும் விழும்.'

தோசை கருகிவிட்டது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

நாக்பூரில் எத்தனையோ கல்லூரி இருக்க, உன் பிள்ளையை ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினாய் என்று அம்மு முன்பு கேட்பாள். நான், என் புகழ் அப்படி என்பேன். அத்திம்பேர் எத்தனை சாது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். ஒவ்வொரு கல்யாணத்திலும் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டவன்.

எழுது அக்கா. என்ன எழுதினாலும் சரி.

ராமானுஜம்


நாக்பூர்
30.11.1998

சிரஞ்சீவி ராமானுஜத்துக்கு ஆசீர்வாதம். சௌக்கியம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பள்ளியில் அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிற வேலை.

ஜெபகுமாருக்கு மற்ற காது நன்றாகக் கேட்கிறதா? முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மா ஓங்கிய கையை இறக்கிவிட்டார் என்று எழுதியிருந்தாய். ஓங்கிய பிறகு இறக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தை மட்டும் பல தடவை படித்தேன்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பெருந்தேவி


திருக்கழுக்குன்றம்
8.12.1998

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். ஜெபகுமாரின் வலது காது நன்றாகக் கேட்கிறது. நீ கேட்டதை அவனிடம் சொன்னேன். 'யாரு, அவங்க அம்மாவா?' என்று இரண்டு தடவை கேட்டான்.

இப்போது ஒரு பெரிய முட்டாள்தனம் நடந்துவிட்டது. பிரின்சிபால், ஷபானா, நான் என்று இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து ஜெயந்தை முதல் ஹவருக்கு வேறு வகுப்புக்கு அனுப்பினோமே, அவன் சொந்த வகுப்பில் அந்த ஹவருக்கு ஆப்சென்ட் விழும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அலுவலகத்தில் திருநாவுக்கரசு என்று ஒரு கிளார்க். வருகை குறைந்தால் வீட்டுக்கு அட்டை போடுவது அவர் வேலை, வேலையில் புலி. 'தங்கள் மகன் காலை முதல் பாடவேளைக்குத் தொடர்ந்து வருவதில்லை' என்று உங்கள் வீட்டு விலாசத்துக்கு அட்டை போட்டுவிட்டார். உங்கள் தெருத் தபால்காரர் அதை மட்டும் தொலைக்காமல் சேர்த்துவிட்டார்.

அத்திம்பேர் கல்லூரிக்குப் போன் செய்தார். பிரின்சிபால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்தார். அக்கா, அத்திம்பேர் சத்தம் போடவில்லை. 'ராமானுஜம், உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டான். பொங்கலுக்கு வந்து டி.சி. வாங்கி அழைச்சிண்டு போறேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பேசிக்கறேன்' என்றார். அவ்வளவு மரியாதையான குரல். நான் 'சரி' என்று சொல்லிவிட்டேன்.

ஜெயந்திடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. டி.சி.க்கு அவனும் கையெழுத்துப் போட வேண்டும். 'போட மாட்டேன் மாமா. ஜெபகுமார் இன்னும் போதும்னு சொல்லலை' என்றான். அப்பா நேரில் வந்து போடச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு ஜெபகுமாரின் வகுப்புக்குக் கிளம்பிவிட்டான்.

ராமானுஜம்


நாக்பூர்
14.12.1998

சிரஞ்சீவி ராமானுஜத்துக்கு ஆசீர்வாதம். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கை கட்டுப் போட்டிருக்கிறது, இடது கையால் எழுதுகிறேன். அட்டை வந்த அன்று நடந்தது. நான் முன்பே தெரிந்தும் மறைத்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளியில் கேட்டவர்களிடம், வீட்டுக் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. எத்தனை வருஷமாக நம்பாமல் இருந்தார்களோ.

அவர் பொங்கலுக்கு வருகிறார். நான் அதற்கு முன்னால், கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் வருகிறேன். அம்முவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவளைக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருக்கச் சொல்.

ஷபானாவிடம் ஒன்று கேள். செய்தவர் ஒத்துக்கொண்டால்தான் வட்டம் என்று எழுதியிருந்தாய். இவர் இந்த ஜென்மத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படியானால் எனக்கு அங்கே இடம் கிடையாதா? நான் நியாயம் எதுவும் கேட்கவில்லை. ஒரு தடவை, முழுசாக, யாரும் குறுக்கே பேசாமல் சொல்ல வேண்டும்.

பிறகு அந்த அம்மாவிடம் என் பிள்ளைக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். மாமன் கேட்டது போதாது.

பெருந்தேவி


திருக்கழுக்குன்றம்
19.12.1998

அன்புள்ள அக்காவுக்கு உன் தம்பியின் நமஸ்காரம். சௌக்கியம் கேட்க மாட்டேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ஷபானாவிடம் போனேன். ஒத்துக்கொள்ளாதவரை எதிரே உட்கார வைத்தால் பட்டவருக்குத்தான் மறுபடி அடி, அதை அவர் செய்ய மாட்டாராம். ஆனால் பட்டவர் பேசுவதற்கும் நாலு பேர் கூட இருந்து கேட்பதற்கும் யார் சம்மதமும் வேண்டியதில்லை என்றார். சட்டப்படி என்ன செய்யலாம் என்று சொல்ல ஒரு வக்கீல் அம்மாவையும் பார்த்து வைத்திருக்கிறார். அந்த வழியில் போவதும் போகாததும் உன் இஷ்டம்.

வருகிறவர்கள்: அம்மு, ஷபானா. ஞானம்மாளிடம் நானே கோவளம் போய்ச் சொன்னேன். கூடையைக் கீழே வைக்காமல் கேட்டார். 'அவங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வாணாம். எம்புள்ளைகிட்ட கேக்கட்டும். அவங்க மத்தது பேசறத கேக்க நான் வரேன், எந்நேரம்னு சொல்லு' என்றார். ஜெபகுமார் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதுவும் அவன் உரிமை.

ஜெயந்திடம் சொன்னேன். 'அம்மா பேசுவாளா மாமா?' என்றான். பேசுவாள் என்றேன். 'நான் அங்க இருக்கலாமா?' என்றான். அம்மாதான் சொல்ல வேண்டும் என்றேன். நீ வந்து சொல்.

டி.சி. விண்ணப்பத்தில் இன்னும் அவன் கையெழுத்து இல்லை. பொங்கலுக்கு அத்திம்பேர் வந்தால் வாசலில் முதலில் என்னைத் தாண்ட வேண்டும். என் சுற்றளவு உனக்குத் தெரியும், அவ்வளவு சுலபமில்லை. இந்த முறை 'சரி' என்று சொல்ல மாட்டேன்.

அம்மு நேற்றிலிருந்தே இருமிப் பழகுகிறாள். உனக்கு மாடி அறையை ஒழித்துக்கொடுத்திருக்கிறோம். வருகிற டிக்கெட் மட்டும் எடு, திரும்பிப் போகிற டிக்கெட் வேண்டாம்.

ராமானுஜம்